கச்சானுக்கு ஒரு கரை, வாடைக்கு ஒரு கரை

மணமேல்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே இறங்கினால் கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி, ராமநாதபுரம். அதையும் தாண்டிப் பாம்பன் பாலம் ஏறினால் ராமேசுவரம் தீவு. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் தீர்த்தமாடப் போகிறவர்கள்தான். சில வருடங்களாக இன்னொரு கூட்டமும் போகிறது. இடுப்பில் பெரிய பட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, பலகை மேல் நின்று கடலில் வழுக்கிப் பறக்கிறவர்கள். கைட் சர்ஃபிங் என்கிறார்கள்.

இந்த விளையாட்டுக்குக் காற்று பலமாக வேண்டும். தண்ணீர் தட்டையாக வேண்டும். கேட்பதற்கு முரணாக இருக்கிறது, காற்றுதானே அலையை எழுப்புகிறது! முடிச்சை அவிழ்ப்பது தீவின் கிடப்பு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவே கிழக்கு மேற்காக நீண்ட ஒடுக்கமான மணல் நிலம். அலையின் உயரத்தை முடிவு செய்பவை மூன்று: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையில்லாமல் நீர்மேல் அது ஓடிவரும் தூரம். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் என்ற மேல்காற்றும் சோழகம் என்ற தென்காற்றும் மன்னார் வளைகுடா முழுக்க ஓடிவந்து தென்கரையில் அலையாக மோதுகின்றன. தீவைக் கடந்து வடகரையில் இறங்கும்போது அந்தத் தூரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. காற்று அப்படியே இருக்கும், அலை இருக்காது. மார்கழி, தையில் வடக்கேயிருந்து வாடை அடிக்கும்போது எல்லாம் தலைகீழ். பலகையைத் தூக்கிக்கொண்டு தென்கரைக்குப் போய்விட வேண்டியதுதான். தனுஷ்கோடிப் பக்கம் நிலம் இன்னும் மெலிந்துவிடுவதால் கரை மாறுவது பொடிநடை. காற்றை உடைக்க அங்கே மரமோ மாடியோ பெரிதாக இல்லை என்பது இன்னொரு வசதி.

பட்டத்தின் இழுவிசை காற்றின் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, அதன் வர்க்கத்தோடு ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. காற்று கூடக்கூட சின்னப் பட்டத்துக்கு மாறுவது இதனால்தான்.

நீச்சல்காரர்களுக்கு இந்தக் கடல் பழைய களம். மிஹிர் சென் 1966 ஏப்ரலில் இலங்கைக் கரையிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வர 25 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. குற்றாலீசுவரன் 1994-ல் பாக் நீரிணையைக் கடந்தபோது வயது 12. ஆழமில்லாத கடல்தானே என்று தோன்றலாம். நீரோட்டமும் ஜெல்லி மீன்களும் அப்படி நினைப்பதில்லை. வெப்பமும் ஒரு எதிரி. திறந்தவெளி நீச்சல் போட்டிகளுக்கு உலக அமைப்பு வைத்திருக்கும் உச்ச வரம்பு 31 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயிலில் பாக் விரிகுடா அதைத் தொட்டுவிடக்கூடிய கடல். நீரே உடம்புச் சூட்டை நெருங்கினால், உழைக்கும் தசையின் வெப்பம் வெளியேற வழியில்லை.

இனி நம் கரைக்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டக் கடலும் இதே பாக் விரிகுடாதான். கிழக்கே இலங்கை மறிக்கிறது, தெற்கே ராமர் பாலத்து மணல்திட்டுகள் மறிக்கின்றன. வங்கக் கடலின் நெடிய அலைகள் உள்ளே அதிகம் நுழைவதில்லை. நுழைவதும் ஆழமற்ற தரையில் உராய்ந்து களைத்துவிடுகிறது. அலைச்சறுக்கு ஆசை இருந்தால் சென்னைக் கோவளத்துக்குப் போங்கள், இங்கே வேலையில்லை. துடுப்புப் போட இதைவிட நல்ல நீர் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் இந்த அமைதியில் ஒரு பொறி இருக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வரும் கச்சான் நம் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கிச் சரிவாக வீசும். கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும், ஏனென்றால் காற்று இன்னும் நீர்மேல் ஓடத் தொடங்கவில்லை. கயாக்கில் போகிறவருக்கு முதுகில் காற்று, போவது சுகம். திரும்பும்போதுதான் தெரியும். உள்ளே போகப்போக அலையும் வளர்ந்திருக்கும், கரையும் தூரமாகியிருக்கும். மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்து திருப்பிவிடும் என்று நம்பவும் முடியாது. கச்சான் வலுத்த நாளில் அது தாமதமாகும், வராமலும் போகும். இந்தக் கணக்கு ஜெகதாப்பட்டினத்து மீனவர்களுக்குப் பாடம். வாரக் கடைசியில் வருகிறவர்களுக்குத் தெரியாது. முத்துக்குடாவில் அலையாத்திக் காட்டுக்கு நடுவே படகுச் சவாரிக்கு வருகிறவர்கள் பெருகும் இந்த நாளில், கடற்கரையில் வைக்கும் முதல் பொருள் செல்ஃபி மேடையாக இல்லாமல் காற்றின் திசை காட்டும் ஒரு காற்றுப்பையாக இருந்தால் நல்லது.

எந்தப் படகு என்பதும் கேள்வி. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது, இந்தியாவில் முதலாவது. கடற்பசு ஏறக்குறைய முழுக்கக் கடற்புல்லை நம்பி வாழும் விலங்கு. அந்தப் புல்லே அலையின் வேகத்தைக் குறைத்து, அடிச்சேற்றைப் பிடித்து வைக்கிறது. துடுப்புக்காரர் ரசிக்கும் தெளிந்த நீரில் அதற்கும் பங்குண்டு. ஆழமற்ற நீரில் மோட்டார் படகின் விசிறி புல்லை வேரோடு அறுத்துக்கொண்டு போகும். வேர்த்தண்டு போன இடம் மூடிவரப் பல வருடங்கள் ஆகலாம். கயாக்குக்கு ஒரு சாண் தண்ணீர் இருந்தால் போதும்.