காப்பிக் காலமும் ஒரு சுட்டிப் பேரனும்

ஏற்காட்டு மலையில் உள்ள எங்கள் வாழவந்தியில் காப்பிப் பழம் பறிக்கும் காலம் வந்தால், இரண்டு வயதுப் பேரனுக்குக் காவல் நிற்பதே என் முழுநேர வேலை. களத்தில் காயும் பழத்தை வாரி இறைப்பான். கண்ணிமைக்கும் நேரத்தில் மிளகு பறிக்கும் ஏணியில் ஏறிவிடுவான். அவனுக்குப் பாட்டி நான் இருக்கிறேன். பழம் பறிக்க வரும் தாய்மார்களோ மூத்த மகளின் படிப்பை நிறுத்தி, கைக்குழந்தைக்குக் காவல் வைக்கிறார்கள்.

50 பெண் தொழிலாளர்களோ, அவர்களுடைய 20 குழந்தைகளோ இருக்கும் தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். ஏழெட்டுப் பேர் பறிக்கும் சிறு தோட்டம் அந்தக் கணக்கில் வராது. 1975இல் தொடங்கிய திட்டத்தின் கொடையான அங்கன்வாடி, பறிப்பு முடியும் முன்பே மூடிவிடுகிறது. அறுவடை மாதங்களிலேனும் அது மாலைவரை திறந்திருக்கட்டும். ஒரு குழந்தைக்கு இன்னொரு குழந்தை காவலாகக் கூடாது.