சொசைட்டிக்குப் போகும் பாலில் அம்மாவுக்கு ஒரு டம்ளர்!

முதுமையில் எலும்பைக் காக்கும் எளிய வழிகள்

‘என் மாமியாருக்கு 63 வயது. போன மாதம் மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்தார். லேசாகத்தான் விழுந்தார். ஆனால், மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. எலும்பு வலுவிழந்திருக்கலாம் என்கிறார் டாக்டர். காலமெல்லாம் காட்டில் பாடுபட்டவருக்கு இது எப்படி வந்தது? மாத்திரை இல்லாமல் சரிசெய்ய முடியுமா?’

தர்மபுரி மாவட்ட வாசகி ஒருவர் அனுப்பிய கேள்வி இது. பல வீடுகளில் இதே கேள்வி இருக்கிறது என்பதால், விரிவாகவே பார்ப்போம்.

எலும்பும் நிலம் மாதிரிதான்!

எலும்பு காய்ந்த கட்டை அல்ல. பழைய எலும்பை அரித்தெடுக்கும் வேலையும் புதிதாகக் கட்டும் வேலையும் உள்ளே எந்நேரமும் நடக்கின்றன. 30 வயதுவாக்கில் எலும்பின் இருப்பு உச்சத்தைத் தொடும். பிறகு மெள்ளக் குறையும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் வேகமாகக் கரையும். ஆண்களுக்கும் வயதாக ஆகக் குறையும்.

ரத்தத்தில் கால்சியம் குறையக் கூடாது. சாப்பாட்டில் வராவிட்டால், உடம்பு அதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். எருவே போடாமல் வருஷா வருஷம் மகசூல் எடுத்தால் நிலம் என்னவாகும்? அதேதான் இங்கேயும் நடக்கிறது.

விளைவது வீட்டில்... சாப்பிடுவது யார்?

நாலு மணிக்கு எழுந்து பால் கறக்கும் அம்மா, கேனை சொசைட்டிக்கு அனுப்பிவிட்டு வரக்காப்பி குடிக்கிறார். மிச்சம் வைத்த பாலும் பேரப்பிள்ளைகளுக்கு. கேழ்வரகுக் களி இருந்த தட்டில் மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறு. அரிசியில் கால்சியம் மிகவும் சொற்பம்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ம் ஆண்டுப் பரிந்துரை. இதை நம் வீட்டுச் சமையலிலேயே எட்டிவிடலாம்.

* 100 கிராம் கேழ்வரகு மாவில் களி அல்லது கூழ்: சுமார் 350 மி.கி.
* பால், தயிர் சேர்த்து 300 மில்லி: சுமார் 360 மி.கி.
* 15 கிராம் எள் சேர்த்த ஓர் உருண்டை: சுமார் 170 மி.கி.
* ஒரு கைப்பிடி (50 கிராம்) முருங்கைக்கீரை: சுமார் 150 மி.கி.

இதுவே ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. மீதி, பருப்பு, கொள்ளு, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி போன்றவற்றில் கிடைத்துவிடும். கேழ்வரகை முளைகட்டி அரைப்பதும், கூழைப் புளிக்க வைப்பதும் கால்சியத்தை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ள உதவும். பாலக்கீரையில் ஆக்ஸாலேட் அதிகம். கால்சியத்துக்கு அதை நம்ப வேண்டாம். முட்டை, பயறு, கடலை போன்ற புரத உணவுகளும் எலும்புக்குத் தேவை. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் வெளியேறும். ஊறுகாய், கருவாட்டை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கேழ்வரகு விளைவிக்காதவர்கள் வாங்கித்தான் ஆக வேண்டும். 2023-ல் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கப்பட்டது.

வெயிலில் நின்றாலும் வெயில் படுவதில்லை

கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். ‘நாள் முழுக்க வெயிலில்தானே கிடக்கிறோம்’ என்று கேட்கலாம். ஆனால், முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாகத்தானே களையெடுக்கிறோம்? தோலில் வெயில் பட்டால்தான் பலன். அதிகாலை இளவெயில் இதற்குப் போதாது. 10 மணிக்கு மேல் கை, கால்களில் வெயில் படும்படி அரை மணி நேரம் இருந்தால் நல்லது. கோடை உச்சியில் மட்டும் கவனம் தேவை.

‘நீ சும்மா உட்காரும்மா’ என்று சொல்லாதீர்கள்

பாரம் தாங்கத் தாங்கத்தான் எலும்பு உறுதியாக இருக்கும். 60 வயது வரை உழைத்தவரைப் பாசத்தில் ஒரேயடியாக உட்கார வைத்தால், எலும்பும் தசையும் சேர்ந்து கரையும். வேலையைக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. நடை நல்லது, ஆனால் அது மட்டும் போதாது.

* கட்டிலிலிருந்து கை ஊன்றாமல் 10 முறை எழுந்து உட்கார வேண்டும்.
* சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும்.
* திண்ணைத் தூணைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் 10 எண்ணும் வரை நிற்க வேண்டும்.

எலும்பு வலுவிழந்தவர்கள் இடுப்பை வளைத்துக் குடம், மூட்டை தூக்கக் கூடாது. முதுகெலும்பு நொறுங்க அதுவே போதும்.

விழாமல் காப்பதே பாதி வைத்தியம்

இடுப்பு எலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை விழுவதால் வருபவை. அதன் பிறகு பழையபடி நடமாட முடியாமல் போகிறவர்கள் ஏராளம். கொட்டகைத் தரையைச் சொரசொரப்பாக்குங்கள். நடைபாதையில் கயிறு, வாளி வேண்டாம். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு பல்பு, தேயாத செருப்பு, கண்புரை இருந்தால் அறுவை சிகிச்சை... எல்லாம் சேர்த்தாலும் ஒரு முறிவுக்கு ஆகும் செலவும் சிரமமும் வராது.

அடிக்கடி வரும் இரண்டு கேள்விகள்

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு போதாதா?

அதை நம்ப வேண்டாம். கூடவே போடும் பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோய்க்கு வழி.

ஆட்டுக்கால் சூப்?

ருசிக்குக் குடியுங்கள். எலும்பிலிருந்து சூப்பில் இறங்கும் கால்சியம் மிகக் குறைவு.

மாத்திரை வேண்டாமா?

வாசகிக்கு நேரடியான பதில் இதுதான். மேலே சொன்னவை தேய்மானத்தை மெதுவாக்கும். போனதை முழுதாக மீட்டுத் தராது. லேசாக விழுந்தே எலும்பு முறிந்தவர், உயரம் குறைந்து கூன் விழுந்தவர், ஆஸ்துமா, மூட்டுவாதத்துக்கு நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோர் ‘டெக்ஸா’ என்ற எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். உங்கள் மாமியாரும் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறார். டாக்டர் மாத்திரை கொடுத்தால் மறுக்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், உணவை மாற்றும் முன்பே டாக்டரைக் கேளுங்கள்.

ஆனால், மாத்திரை சாப்பிட்டாலும் களியும் பாலும் வெயிலும் நடமாட்டமும் வேண்டும். உங்களுக்கும் இப்போதிருந்தே வேண்டும். நாளைக் காலை கேன் கிளம்பும் முன், இரண்டு டம்ளர் பாலை எடுத்து வையுங்கள். ஒன்று மாமியாருக்கு. இன்னொன்று உங்களுக்கு.