தண்டை உருட்டிப் பாருங்கள்

துளசியின் இளந்தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள். உருளாது. நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் எதிர் எதிராக, இரண்டிரண்டாக நிற்கும். புதினா, தும்பை, கற்பூரவள்ளி எல்லாம் துளசிக் குடும்பம்தான். கற்பூரவள்ளியை நம் தம்பானூரில் பனிக்கூர்க்கை என்பார்கள். கறி வைக்கும் சிறுகிழங்கும் இங்கே கூர்க்கைதான். அதுவும் இதே குடும்பம். பெயரே உறவு சொல்கிறது!

உண்ணிச்செடியைத் தெரியுமா? வேலியோரம் நிற்கும். அதற்கும் நான்கு பட்டைத் தண்டு, எதிர் இலை, வாசனை உண்டு. ஆனால் வேறு குடும்பம். தண்டில் பெரும்பாலும் சிறு முள் இருக்கும். பழம் சதையோடு கறுக்கும். துளசியிலோ காய்ந்த பூக்கிண்ணத்துக்குள் நான்கு சிறு விதைகள் இருக்கும்.

உண்ணி இலையைத் தின்றால் ஆடு, மாடுகளுக்கு ஈரல் கெடும். தழை அறுக்கும்போது முள்ளையும் பழத்தையும் பாருங்கள்.