சைக்கிள் க்ரிப் சுத்துதா? உடனே மாத்திடுங்க

இன்னைக்கு ஒரு சின்ன பொருளைப் பத்திப் பேசலாம். சைக்கிள் ஹேண்டில்பார்ல நம்ம கை பிடிக்கிற ரப்பர் க்ரிப். செயினுக்கு எண்ணெய் விடுவோம், பிரேக்கை டைட் பண்ணுவோம், க்ரிப்பை மட்டும் கண்டுக்கவே மாட்டோம். ஆனா பள்ளத்துல சீட்டை விட்டு எழுந்து, உடம்பு பாரத்தைக் கையில போடுற நேரத்துல ஒரு க்ரிப் உருவிட்டு வந்தா, ஆள் கீழதான்.

எப்போ மாத்தணும்?

மூணு அறிகுறி. ஒண்ணு, முறுக்கினா சுத்துது. ரெண்டு, வெயிலும் வியர்வையும் பட்டு ரப்பர் பிசுபிசுன்னு ஆகிடுச்சு. மூணு, ஓரம் கிழிஞ்சு உள்ள இருக்கிற குழாய் வெளிய தெரியுது.

இதுல மூணாவதுதான் ரொம்ப ஆபத்து. விழும்போது ஹேண்டில்பார் திரும்பி, அதோட முனை வயித்தைப் பார்த்து நிக்கும். மூடாத குழாய்னா மொத்த வேகமும் அந்த மெல்லிய வட்ட விளிம்புல இறங்கும். குழந்தைகளுக்கு இப்படி வயித்துக்குள்ள பலமான காயம் ஆகிறது மருத்துவர்களுக்குத் தெரிஞ்ச விஷயம். அமெரிக்க சைக்கிள் பாதுகாப்பு விதியில, முனை மூடியிருக்கணும், 66.8 நியூட்டன் விசையில இழுத்தாலும் க்ரிப் கழலக் கூடாதுன்னே இருக்கு. கிட்டத்தட்ட 7 கிலோ எடையைத் தொங்கவிடுற மாதிரி.

எதை வாங்கணும்?

நேரான ஹேண்டில்பார்ல க்ரிப் போடுற இடம் பொதுவா 22.2 மி.மீ. விட்டம். அந்த அளவு க்ரிப்புல ரெண்டு வகை உண்டு: அப்படியே நுழைக்கிறது, ஆலன் போல்ட் வச்சு இறுக்குறது. ரெண்டாவது விலை கூட, ஆனா சுத்தாது. ரேஸ் சைக்கிள்ல வர்ற வளைஞ்ச ஹேண்டில்பாருக்கு க்ரிப் கிடையாது, டேப்தான் சுத்தணும். ஹேண்டில்பார்லயே முறுக்குற கியர் இருந்தா, அந்தப் பக்கத்துக்கு நீளம் குறைஞ்ச க்ரிப் கேளுங்க.

எப்படி மாத்தணும்?

பழசைத் தூக்கிப் போடத்தான் போறோம்னா, பிளேடால நீளவாக்குல கீறி உரிச்சிடலாம். கார்பன் ஹேண்டில்பார்னா பிளேடு பக்கமே போகாதீங்க. க்ரிப்போட ஓரத்தை லேசா தூக்கி, மெடிக்கல்ல கிடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை உள்ள விட்டு முறுக்கினா கழண்டு வந்துடும்.

அடுத்து, குழாய்ல இருக்கிற பிசுக்கை அதே ஸ்பிரிட்டால துடைங்க. புது க்ரிப் உள்ளயும் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டு, ஒரே மூச்சுல கடைசி வரைக்கும் தள்ளுங்க. நடுவுல நிறுத்தினா ஸ்பிரிட் ஆவியாகி, க்ரிப் அங்கயே பிடிச்சுக்கும்.

வழுக்கணும்னு எண்ணெயோ கிரீஸோ மட்டும் போட்டுடாதீங்க. அது காயாது, க்ரிப் சுத்திக்கிட்டே இருக்கும். ஸ்பிரிட் தானா காஞ்சு போகும், அதனாலதான் அது. ஒரு ராத்திரி விட்டுடுங்க. காலையில நல்லா முறுக்கி, வெளிப்பக்கமா இழுத்துப் பாருங்க. அசையலன்னா ஓட்டலாம். க்ரிப் முனை திறந்திருந்தா பிளக் கட்டாயம்.

வீட்ல குழந்தை சைக்கிள் இருக்கா? முதல்ல அதோட ரெண்டு முனையையும் பார்த்துடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!