கணக்குப் பேப்பர் இன்னும் குடுக்கலையா?

காலாண்டுப் பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. தமிழ்ப் பேப்பர் வந்துவிட்டது. இங்கிலீஷ் பேப்பர் வந்துவிட்டது. கணக்குப் பேப்பர் மட்டும் வரவே இல்லை.

"ஏண்டா, கணக்குப் பேப்பர் இன்னும் குடுக்கலையா?"

"இல்லம்மா. சார் இன்னும் திருத்தி முடிக்கலையாம்."

எதிர்வீட்டுப் பையனும் அதே வகுப்புதான். அவனுக்குப் பேப்பர் வந்து நாலு நாளாச்சு என்று அவன் அம்மா சொல்கிறார். சந்தேகம் வந்து நீங்கள் புத்தகப் பையைக் கவிழ்க்கிறீர்கள். அறிவியல் நோட்டின் அட்டைக்குள்ளே, நாலாக மடித்த கணக்குப் பேப்பர். நூற்றுக்கு 27. பக்கத்திலே உங்கள் கையெழுத்து. நீங்கள் போடாத கையெழுத்து!

உங்களுக்குக் கோபம் வரும். 27 மார்க் ஒரு பக்கம், "இந்த வயசிலேயே இவ்வளவு திருட்டுத்தனமா?" என்கிற அதிர்ச்சி இன்னொரு பக்கம். கை தானாக ஓங்கும்.

கொஞ்சம் பொறுங்கள். அடுத்த பத்து நிமிஷம் ரொம்ப முக்கியமானது. அடுத்த தடவை அவன் உங்களிடம் உண்மையைச் சொல்லப் போகிறானா, அல்லது பேப்பரை இன்னும் நல்ல இடமாகப் பார்த்து ஒளித்து வைக்கப் போகிறானா என்பதை நீங்கள்தான் இப்போது தீர்மானிக்கப் போகிறீர்கள்.

திருட்டுப் புத்தியா?

பிட் அடிக்கிற பிள்ளை, மார்க்கைத் திருத்துகிற பிள்ளை, கையெழுத்துப் போடுகிற பிள்ளை... இவர்களையெல்லாம் "புத்தியே அப்படி" என்று முத்திரை குத்திவிடுகிறோம். உண்மை அவ்வளவு சுலபமில்லை.

அமெரிக்காவில் ஹார்ட்ஸ்ஹார்ன், மே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து, 1928-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பரீட்சை, வீட்டுப்பாடம், விளையாட்டு என்று பல சந்தர்ப்பங்களில், ஏமாற்றினால் தெரியாது என்று பிள்ளைகள் நினைக்கும்படி ஏற்பாடு. என்ன தெரிந்தது? எப்போதும் ஏமாற்றுகிற பிள்ளைகளும் குறைவு, எப்போதும் நேர்மையாக இருக்கிற பிள்ளைகளும் குறைவு. பரீட்சையில் காப்பி அடித்த பிள்ளை விளையாட்டில் ஒழுங்காக இருந்தது. விளையாட்டில் ஏமாற்றிய பிள்ளை பரீட்சையில் நேர்மையாக எழுதியது.

அதாவது, நேர்மை என்பது சில பிள்ளைகளோடு கூடப் பிறந்து, சில பிள்ளைகளுக்கு இல்லாமல் போகிற விஷயம் அல்ல. சந்தர்ப்பமும் சூழ்நிலையும் அதை வளர்க்கின்றன அல்லது நசுக்குகின்றன. இது பெற்றோருக்கு நல்ல செய்திதான். சூழ்நிலை என்றால் அதில் பாதி நம் வீடுதானே!

பிரம்பு என்ன கற்றுக்கொடுக்கும்?

"நாலு போட்டால் பயத்தில் உண்மை வந்துவிடும்" என்பது பலருடைய நம்பிக்கை. மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளில் 3, 4 வயதுக் குழந்தைகளை வைத்து விக்டோரியா தல்வார், காங் லீ இருவரும் செய்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. ஒரு பள்ளியில் தப்புச் செய்தால் குச்சி அடி, கிள்ளு, தலையில் குட்டு. இன்னொன்றில் கண்டிப்பு உண்டு, அடி கிடையாது.

குழந்தையின் முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, "திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே போவார்கள். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான குழந்தைகள் திரும்பிப் பார்த்தன. குழந்தைதானே! ஆனால், "பார்த்தியா?" என்று கேட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அடி இல்லாத பள்ளியில் பார்த்தவர்களில் பாதிக்குச் சற்று மேல் பொய் சொன்னார்கள். அடிக்கிற பள்ளியிலோ ஏறக்குறைய எல்லோருமே பொய் சொன்னார்கள். அதுமட்டுமல்ல, குறுக்குக் கேள்வி கேட்டாலும் மாட்டிக்கொள்ளாமல் சாமர்த்தியமாகச் சொன்னார்கள்!

அடி பொய்யை நிறுத்தவில்லை. பொய்யில் தேர்ச்சியைத்தான் கொடுத்தது.

பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துவிட்டது. வீட்டு விஷயம் நம் கையில்தான் இருக்கிறது.

புகழ்ச்சியிலும் ஒரு ஆபத்து

"நான் என் பிள்ளையை அடிச்சதே இல்லையே, எப்பவும் பாராட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்பவர்களும் கவனிக்க வேண்டும். 1998-ல் முல்லர், டிவெக் என்ற இரண்டு மனநல ஆராய்ச்சியாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம், "நீ ரொம்ப புத்திசாலி" என்றார்கள். சிலரிடம், "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றார்கள். அடுத்ததாக எல்லோருக்கும் கஷ்டமான புதிர்கள். எல்லோருக்கும் மார்க் குறைந்தது.

பிறகு, வேறொரு பள்ளியில் படிக்கிற, முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்கு, "எனக்கு இத்தனை மார்க்" என்று எழுதச் சொன்னார்கள். உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்களில் 13 சதவீதம் பேர் மார்க்கைக் கூட்டி எழுதினார்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்களில் 38 சதவீதம் பேர்!

"எங்க வீட்டு ஐன்ஸ்டீன் இவன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறோமே... 27 மார்க் வாங்கின அன்று அந்த ஐன்ஸ்டீன் பேப்பரை எங்கே கொண்டுபோய் வைப்பான்? பட்டத்தைக் காப்பாற்ற அவனுக்குப் பொய்தான் துணை. அதனால் பட்டம் கொடுக்காதீர்கள். "அந்த ஆறாவது கணக்கை மூணு தடவை போட்டுப் பார்த்தியே, அது நல்லா இருந்தது" என்று செய்த காரியத்தைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

உடம்பு சொல்லும் சேதி

வாய் பொய் சொன்னாலும் உடம்பு பல சமயம் உண்மையைச் சொல்லிவிடும். பரீட்சை வந்தாலே வயிற்றுவலி, வாந்தி, அடிக்கடி பாத்ரூம் போவது, தலைவலி, தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவது, சில பிள்ளைகள் மறுபடியும் படுக்கையை நனைப்பது... இவையெல்லாம் நடிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பயம் வந்ததும் அட்ரினலின், கார்டிசால் போன்ற சுரப்புகள் ரத்தத்தில் கூடுகின்றன. நெஞ்சு படபடக்கும். வயிற்றைப் புரட்டும். பயம் எல்லை மீறினால், படித்து வைத்ததை நினைவுக்குக் கொண்டுவருவதும் தடைப்படும். "படிச்சேம்மா, பேப்பரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோச்சு" என்பது எப்போதும் சாக்கு அல்ல. அந்த நேரத்தில்தான் கண் பக்கத்துப் பெஞ்சுக்குத் தாவுகிறது.

வயிற்றுவலி பரீட்சை இல்லாத நாட்களிலும் இருந்தால், அல்லது காய்ச்சல், எடை குறைவு என்று கூடவே ஏதாவது வந்தால், டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

பிட் தேவைப்படாத படிப்பு

பயத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. பாடம் உண்மையிலேயே மனசில் நிற்க வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் படிக்கிற முறை என்ன? ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை சத்தமாக வாசிப்பது. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். புத்தகத்தை மூடினால் வெறும் புகை!

2006-ல் ரோடிகர், கார்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு கோஷ்டி ஒரு பாடத்தை நான்கு முறை படித்தது. இன்னொரு கோஷ்டி ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை புத்தகம் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, நான்கு முறை படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ். திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்.

வீட்டில் இதைச் சுலபமாகச் செய்யலாம்.

பாடத்தை ஒரு முறை புரிந்து படிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடி, ஞாபகம் இருப்பதை எழுதட்டும். எழுதியதும் புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைப் பார்க்கட்டும். மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை இப்படியே. உங்களுக்கு அந்தப் பாடம் தெரிய வேண்டும் என்பதில்லை. அடுப்படியில் வேலை செய்துகொண்டே, "எனக்கு ஒண்ணும் தெரியாது, கதை மாதிரி சொல்லு பார்ப்போம்" என்று கேட்டாலே போதும்.

ஒரு வேடிக்கையும் உண்டு. பிட் எழுதுகிற பிள்ளை என்ன செய்கிறது? பத்துப் பக்கத்தில் எது முக்கியம் என்று பொறுக்கி, சுருக்கி, கட்டைவிரல் அகலக் காகிதத்தில் எழுதுகிறது. அரை உழைப்பு முடிந்துவிட்டது! அதையே புத்தகத்தைப் பார்க்காமல் எழுதிப் பார்த்து, தப்பைத் திருத்தி, பிறகு குப்பையில் போட்டுவிட்டால் அதன் பெயர் படிப்பு.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள். 6 முதல் 12 வயது வரை 9-லிருந்து 12 மணி நேரம், 13 முதல் 18 வயது வரை 8-லிருந்து 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். பகலில் படித்தது மனசில் பதிவதற்குத் தூக்கம் உதவுகிறது. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி காபியைக் குடித்துக் கண் விழிக்கிற பிள்ளைக்கு மறுநாள் தலை கனக்கும், படித்ததும் வராது.

பெரியவர்கள் காட்டும் வழி

காந்திஜி 'சத்திய சோதனை'யில் தன் ராஜ்கோட் பள்ளி நாட்களைப் பற்றி ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். கைல்ஸ் என்ற இன்ஸ்பெக்டர் வந்து ஐந்து ஆங்கில வார்த்தைகளை எழுதச் சொன்னார். அதில் 'கெட்டில்' என்ற வார்த்தையைக் காந்தி தப்பாக எழுதிவிட்டார். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதும்படி ஆசிரியரே பூட்ஸ் முனையால் ஜாடை காட்டினார். காந்திக்கு அது புரியவே இல்லை. காப்பி அடிக்காமல் பார்த்துக்கொள்ளத்தானே ஆசிரியர் நிற்கிறார் என்று நினைத்தாராம்!

இதில் காந்தியின் நேர்மையைத்தான் எல்லோரும் சொல்வோம். அந்த ஆசிரியரையும் கொஞ்சம் கவனியுங்கள். இன்ஸ்பெக்டர் முன்னால் பெயர் கெடக்கூடாது என்பதற்காக, காப்பி அடிக்கச் சொன்னது ஒரு பெரியவர்.

நாமும் அதைத்தானே செய்கிறோம்? கல்யாணத்துக்குப் போய்விட்டு, "கடும் காய்ச்சல் காரணமாக" என்று லீவ் லெட்டர் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிறோம். பிள்ளை செய்ய வேண்டிய பிராஜெக்ட்டை ராத்திரி பத்து மணிக்கு அப்பா ஒட்டுகிறார். மார்க் வந்தால் சரி, வழி எதுவானால் என்ன என்பதை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. பிள்ளைகள் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள்.

கையும் களவுமாக மாட்டினால்...

பள்ளியில் பிட்டோடு பிடிபட்டான் என்று போன் வருகிறது. இதுதான் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய வேளை. பத்துப் பேர் முன்னால் தலைகுனிந்த பிள்ளைக்கு, வீட்டுக்குப் போனால் என்ன ஆகுமோ என்ற நடுக்கம் வேறு. அன்று அவனைத் தனியாக விடாதீர்கள். "குடும்ப மானமே போச்சு", "எங்க மூஞ்சியில முழிக்காதே" போன்ற வார்த்தைகள் வேண்டவே வேண்டாம். முதலில் சாப்பாடு, தூக்கம். மறுநாள் பேச்சு.

அதற்காக, நடந்ததை மூடி மறைக்கவும் வேண்டாம். ஒரு விதியை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த மார்க்குக்குத் தண்டனை கிடையாது. பொய்க்குப் பொறுப்பு உண்டு. போலிக் கையெழுத்துப் போட்டவன், நீங்கள் கூட இருக்க, ஆசிரியரிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும். காப்பி அடித்த பாடத்தை மறுபடியும் படித்து எழுதிக் காட்ட வேண்டும். அதோடு விஷயம் முடிந்தது. அத்தை வரும்போதும் மாமா வரும்போதும் அதைச் சொல்லிக்காட்டக் கூடாது.

பொதுத்தேர்வில் பிடிபட்டால் தேர்வு ரத்தாகலாம், சில காலம் எழுத முடியாமலும் போகலாம் என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே நிதானமாகச் சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: ஃபெயில் ஆனால் உலகம் முடிந்துவிடாது. பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ தவறியவர்கள் அதே வருஷம் துணைத்தேர்வு எழுதலாம். மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதையே தமிழ்நாடு அரசு 2017-ல் நிறுத்திவிட்டது. அரசே விட்டுவிட்ட ரேங்க்கை நாம் ஏன் வீட்டில் பிடித்துத் தொங்க வேண்டும்?

பிள்ளை சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி பேசினால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடனே மனநல டாக்டரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், நாடு முழுவதும் 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் பேசலாம். பிள்ளைகள் தாங்களே பேச 1098 இருக்கிறது. இந்த எண்களை அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "எத்தனை மார்க்?" என்று கேட்டால் ஒரு எண் பதிலாக வரும். அது நிஜமாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். "எந்தக் கேள்வி உனக்கு வரலை? உட்கார், ரெண்டு பேரும் பார்ப்போம்" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே பிள்ளைக்கு இருக்காது.