யுர்க்குரு ஊற்று, 1928

மணலைக் கையால் தோண்டினால் நீர் சுரக்கும் இடம் இது; மத்திய ஆஸ்திரேலியாவில் உள்ளது. நெடிய வறட்சியில் வார்ல்பிரி, அன்மத்யெர் பழங்குடி மக்களின் ஊற்றுகளைக் குடியேறிகளின் மாடுகள் மிதித்துக் கலக்கின. ஆகஸ்ட் 7 அன்று டிங்கோ (காட்டுநாய்) வேட்டையர் ஃபிரெட் புரூக்ஸ் இங்கே கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்க, கான்ஸ்டபிள் ஜார்ஜ் மர்ரேயின் குதிரைக் குழுக்கள் அக்டோபர் வரை பழங்குடியினரை முகாம் முகாமாகச் சென்று சுட்டன. பெண்களும் குழந்தைகளும்கூடத் தப்பவில்லை.

விசாரணைக் குழு 31 சாவுகளை ஒப்புக்கொண்டு, அத்தனையும் தற்காப்பு என்றது. மர்ரேயை அனுப்பிய மேலதிகாரி காவுட்டே அக்குழுவில் ஓர் உறுப்பினர்! இறந்தோரின் உறவினர் ஒருவரைக்கூட அது விசாரிக்கவில்லை. குடும்பங்கள் நினைவில் வைத்திருக்கும் எண்ணிக்கை மிகப் பெரிது. நடந்தது படுகொலை. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2018இல், வடக்குப் பிரதேசக் காவல்துறை ஆணையர் மன்னிப்புக் கேட்டார்.