ஊர் மறவாத குரு

‘ரபி’ என்ற சொல்லை நாம் நற்செய்தியில் படித்திருக்கிறோம். எபிரேய மொழியில் அதற்கு ‘என் குருவே’ என்பது பொருள். சீடர்கள் இயேசுவை அவ்வாறே அழைத்தனர். கல்லறை அருகே ஆண்டவரை அடையாளம் கண்ட மகதலா மரியாவின் வாயில் வந்ததும் ‘ரபூனி’ என்னும் சொல்லே. யூத மக்கள் தம் மறைநூலைக் கற்பிப்பவரை இன்றும் ரபி என்றே அழைக்கின்றனர். அத்தகைய குரு ஒருவர் நம் தென்னாட்டிலேயே வாழ்ந்து மறைந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தாம் கொச்சியின் நெகேமியா மோத்தா.

கொச்சி மன்னர்கள் யூதர்களை ஆதரித்து வாழவைத்தவர்கள். மட்டாஞ்சேரியில் அரண்மனையை ஒட்டி 1568இல் எழுந்த பரதேசித் தொழுகைக்கூடம் அதற்குச் சான்று. யூதர் தலைவருக்கு ‘முதலியார்’ என்னும் பட்டமும் உண்டு! இம்மக்களிடையே வாழ்ந்த நெகேமியா எபிரேயக் கவிஞர். கபாலா என்னும் யூத மறைஞானத்தில் தேர்ந்தவர். அவர் இயற்றிய வழிபாட்டுப் பாடல்களைக் கொச்சி யூதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தனர்.

அவர் மறைந்தது 1615ஆம் ஆண்டு, யூத நாள்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள். அனுக்கா என்னும் எட்டு நாள் ஒளித்திருவிழாவின் முதல் நாள் அது. எருசலேம் கோவில் மீண்டும் தூய்மையாக்கப்பட்டதை நினைவுகூரும் இவ்விழாவின் வரலாற்றை நம் விவிலியத்தின் மக்கபேயர் நூலிலும் காணலாம். வீடுதோறும் விளக்கேற்றும் நாளில் குருவின் நினைவு நாளும் சேர்ந்து வந்தது.

1948இல் இஸ்ரயேல் நாடு உருவானது. 1950களில் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். இன்று அங்கே எஞ்சியிருப்போரை விரல்விட்டு எண்ணிவிடலாம். குருவைச் சுற்றியிருந்த கல்லறைத் தோட்டமும் மறைந்து வீடுகள் எழுந்துவிட்டன. ஆனால் வெள்ளையடித்த அவரது கல்லறை மட்டும் மட்டாஞ்சேரியில் நிலைத்து நிற்கிறது.

சொந்த மக்கள் கடல் கடந்து போனபின் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுவது யார்? அக்கம்பக்கத்து இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள்! கல்லில் பொறித்த எபிரேய எழுத்தை அவர்களால் படிக்க இயலாது. ஆயினும் இங்கே ஒரு நல்லவர் துயில்கிறார் என்பதை அவர்கள் அறிவர். நேர்ச்சை செய்து வேண்டிக்கொள்கின்றனர்.

தோழியரே, நம் கூனிமேட்டில் நாமும் பாங்கொலியும் கோவில் மணியோசையும் கேட்டு வளர்கிறோம். வேறு சமயத்து ஆசிரியர் ஒருவரின் நினைவைக் காக்கும் பொறுப்பு நாளை நம் கைக்கு வந்தால், நாம் விளக்கேற்றுவோமா? அல்லது, ‘அவர் நம்மவர் அல்லர்’ என்று கடந்து போவோமா? மட்டாஞ்சேரி மக்கள் தம் விடையைச் செயலில் காட்டிவிட்டனர்.

மரக்காணம் உப்பளத்தில் விளையும் உப்பு, யார் வீட்டு உலையில் கரைகிறோம் என்று பார்ப்பதில்லை. நல்லாசிரியரின் புகழும் அப்படித்தான். அதை உணர்ந்து, எம்மதத்துக் குருவையும் போற்றுவோம், நன்றி மறவாதிருப்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி